குதிரை கொடுத்து மீட்ட குழந்தை

சுந்தரமூர்த்தி நாயனார் இளங்குழவியாய்த் திருநாவலூர் வீதியிலே சிறுதேர் உருட்டி விளையாடிய காலத்து, அவ்வழியே போந்த நரசிங்கமுனையரையர் அவரைக் கண்டு காதல் கூர்ந்து, தந்தையார் சடையனாரிடம் வேண்டிப் பெற்றுத் தம் மனையிலே மகன்மை முறையில் வளர்த்தனர் என்பது பெரியபுராணங் கற்றோர் யாவரும் அறிந்ததே. பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாகக் கொள்ளுதல் நமக்குப் புதுமையன்று. ஆயின் ஈண்டு யாம் கூறப் புகுவது, அரசன் ஒருவன் விரும்பிக் கேட்டுப் பெற்ற குழந்தையின் கதையன்று; குதிரை ஒன்று கொடுத்து மீட்கப்பட்ட குழந்தையின் கதை.

ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் பெயரை நம் மாணவர் பலர் கேட்டிருப்பர். நம் நாட்டிலே கச்சான் என வழங்கும் நிலக்கடலையையும் வற்றாளைக் கிழங்கையும் கொண்டு பற்பல பண்டங்கள் சமைத்துக் காட்டி, பருத்தியொன்றையே பயிரிட்டு வளமிழந்த அமெரிக்கத் தென்னிலத்தை மீட்க உழைத்த கறுப்பினப் பேரறிஞர் அவர். அவருடைய ஆராய்ச்சிகளைப் பலர் எழுதியுள்ளனர். அவர் எவர் வீட்டிலே, எவர் கையிலே வளர்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

மிசூரி மாநிலத்திலே டயமன்ட் என்னும் சிற்றூரின் அயலிலே மோசசு கார்வர் என்னும் வெள்ளைக் கமக்காரர் ஒருவர் தம் மனைவி சூசனுடன் வாழ்ந்துவந்தார். அவர்க்கு மக்கட்பேறு இல்லை. 1855ஆம் ஆண்டிலே அவர் எழுநூறு டொலர் கொடுத்து மேரி என்னும் சிறு பெண்ணை அடிமையாக வாங்கினார். அடிமை முறையை அவர் உள்ளத்தால் வெறுத்தவர் என்று அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். வெறுத்தவரே விலையுங் கொடுத்தார். இம்முரணை மூடி மறைத்தல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று. மோசசின் நன்மைகளைப் பின்னர்ச் சொல்லவேண்டியிருத்தலின் இதனை முன்னரே சொல்லி வைத்தோம்.

அந்த மேரிக்கு ஜிம், ஜோர்ஜ் என இரு ஆண்மக்கள் இருந்தனர். ஜோர்ஜ் பிறந்தது 1864ஆம் ஆண்டை ஒட்டியாகலாம். அடிமைக் குழந்தையின் பிறந்தநாளைக் குறித்து வைப்பார் எவருமிலர். தம் பிறந்தநாள் யாதென்பதை அவரே கடைசிவரையும் அறிந்திலர். தந்தை அயற்பண்ணை ஒன்றிலே அடிமையாயிருந்து, மகன் முகம் அறியுமுன்னரே விபத்தொன்றில் இறந்தார் என்பர்.

உள்நாட்டுப் போர் முடியுந்தறுவாயில் மிசூரியின் எல்லைப்புறம் கொள்ளைக் கூட்டத்தாரின் வேட்டைக்களமாயிருந்தது. ஒருநாள் இரவு அத்தகைய கூட்டமொன்று மோசசின் பண்ணையிற் புகுந்து மேரியையும் கைக்குழந்தை ஜோர்ஜையும் பற்றிச் சென்றது. ஜிம் மட்டும் தப்பினான். மோசசு, ஜோன் பென்ற்லி என்பவரைத் தேடும்படி ஏவினார். பென்ற்லி திரும்பி வந்தபோது அவர் கையிலிருந்தது குழந்தையொன்றே. மேரி எங்கே கொண்டுபோகப்பட்டாள், எங்கே இறந்தாள் என்பது இன்றளவும் எவர்க்குந் தெரியாது. குழந்தையைக் கொணர்ந்ததற்காக மோசசு தம் பந்தயக் குதிரையைப் பென்ற்லிக்குக் கொடுத்தார். அதன் பெறுமதி முந்நூறு டொலர். தாயை எழுநூறுக்கு வாங்கியவர் மகனை முந்நூறுக்கு மீட்டார் என்று கணக்குப் பார்ப்போரும் உளர். அக்கணக்குப் பிழையன்று, ஆயினும், குக்கல் நோயால் மூச்சுத் திணறி, இன்றோ நாளையோ என்றிருந்த குழந்தைக்கு எந்தச் சந்தையிலும் அவ்விலை கிடைத்திராது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

1865ஆம் ஆண்டு தைத் திங்களிலே மிசூரியில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் அவ்விரு சிறுவரும் மோசசுக்கு உரிய பொருளல்லர். அவர்களைப் பேணவேண்டுமென்ற கடப்பாடும் அவர்க்கு இல்லை. அவர்களோ போக்கிடமற்ற அநாதைகள். மோசசும் சூசனும், முதுமையை நோக்கிச் செல்லும் பருவத்திலே, அவ்விருவரையும் தம் வீட்டிலே வைத்து வளர்க்கத் தலைப்பட்டனர். குழந்தைகளுக்குச் சூசன் மாமியானார். அம்மா என்று அழைக்கப்பட வேண்டியவள் எங்கோ மறைந்துபோனாள். அவள் நூல் நூற்ற இராட்டினம் மட்டும் அவ்வீட்டில் எஞ்சியிருந்தது.

ஜிம் உடல்வலி மிக்கவன். மோசசுடன் வயலுக்குப் போனான். ஜோர்ஜோ நெடுநாள் நோயிற் கிடந்து மெலிந்தவன். குக்கல் அவன் குரலைக் கெடுத்தது. வளர்ந்தபின்னும் அவர் குரல் சிறுவர் குரல்போல் உயர்ந்தே ஒலித்ததாம். ஏர்ப்பின் செல்ல வலியற்ற பிள்ளை வீட்டிலே சூசனின் கைக்குழையாய் நின்றது. சமைத்தல், துணி வெளுத்தல், தைத்தல், ஊசிப் பின்னல் இவையெல்லாம் அம்மாமியிடம் அவன் கற்றவை. ஆண்பிள்ளைக்கு அடுக்களை எதற்கு என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம்: பின்னாளிலே பன்னிரண்டு வயதிலிருந்து பட்டதாரியாகும்வரை அவர்க்குச் சோறிட்டவை அக்கைத்தொழில்களே. எழுத்தறிவித்தவரும் சூசனே. வீட்டிலே கிடந்த பழைய எழுத்துக்கூட்டற் புத்தகம் ஒன்றை அவன் ஏறத்தாழ முழுவதும் மனனஞ் செய்தான்.

வேலை முடிந்ததும் அவன் ஓடியது காட்டுக்கு. காட்டுப்பூச் செடிகளை வேரொடு பெயர்த்து வந்து, வீட்டுக்கு அண்மையிலுள்ள புதரினிடையே மறைவாக நட்டு வளர்த்தான். பூச்செடி வளர்த்தல் வீண்வேலை என்று கருதப்பட்ட இடம் அது. ஆதலால் மறைவு வேண்டியதாயிற்று. ஆயினும் மறைவு நெடுநாள் நிற்கவில்லை. வாடிய செடி அவன் கைபட்டால் தளிர்க்கிறது என்று அயலார் கண்டனர். செடி மருத்துவன் என்று அவனுக்குப் பெயருமிட்டனர். ஒரு வீட்டிலே தன்னிடம் எத்தகையது என்று தெளிவாய் அறியாத குழந்தை, தனக்கென ஒரு பிடி மண்ணைத் தேடிக்கொண்டது என்றே எமக்குத் தோன்றுகிறது. அவன் வளர்த்தவையும் இடம் பெயர்த்து நடப்பட்டவைதாமே.

அன்பு இருந்தது, ஐயமில்லை. ஆயின் அன்பு திறக்கமாட்டாத கதவொன்றும் இருந்தது. ஊரின் பள்ளிக்கூடம் வெள்ளைப் பிள்ளைகளுக்கே உரியது. கறுப்புப் பிள்ளைகள் கற்கும் பள்ளி ஏறத்தாழ எட்டு மைல் தொலைவிலுள்ள நியோசோ நகரில் இருந்தது. பதினொன்றோ பன்னிரண்டோ வயதான ஜோர்ஜ் அங்கே போக விரும்பினான். மோசசும் சூசனும் தடுத்திலர். நாள்தோறும் போய்வரும் தொலைவன்று அது. சிறுவன் நடந்தே சென்றான். இரவு அந்நகரில் ஒருவர் கொட்டிலிலே படுத்துறங்கினான்.

அக்கொட்டிலுக்குரியவர் அந்திரு வாற்கின்சு என்னும் கறுப்பினத்தவர். அவர் மனைவி மரையா ஊருக்கு மருத்துவிச்சி. துணி வெளுத்துப் பிழைத்தவர். அவர்களுக்கும் பிள்ளையில்லை. காலையில் மரையா வெளியே வந்தபோது விறகுக் குவியலின்மேலே ஒரு சிறுவன் இருப்பதைக் கண்டார். பெயர் என்ன என்று கேட்டார். தான் கார்வரின் ஜோர்ஜ் என்று அவன் விடை கூறினான். அப்படித்தான் அவனை அதுவரை எல்லோரும் அழைத்தனர். மரையா உடனே மறுத்தார். இனி உன் பெயர் கார்வரின் ஜோர்ஜ் அன்று, ஜோர்ஜ் கார்வர் என்று கூறினார்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இவ்விடத்தைக் கடந்துபோக மனம் வரவில்லை. ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளை உணர்த்தும் என்று ஆண்டுதோறும் வகுப்பிலே ஓதுகின்றோம். அவ்வேற்றுமை உருபு ஒரு குழந்தையின் கழுத்திலே கட்டிய கயிறாயிருந்ததை, எழுத்து வாசனை மிகுதியும் இல்லாத ஒரு மருத்துவிச்சி கண்டு அறுத்தெறிந்தார். சூசன் அம்மையார் பத்தாண்டுக்கு மேல் அவனைத் தாய்போற் பேணியவர். ஆயின் அப்பெயரிலிருந்த பிழை அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உடையவர் காதுக்கு அது விழாது போலும்.

மரையா வீட்டிலே தங்குவதற்குக் கூலி வேலை. பள்ளிக்கூடம் அடுத்த வளவிலேயே இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் ஜோர்ஜ் வேலியைத் தாண்டி வந்து துணி தோய்ப்பான். புத்தகம் கண்ணெதிரே இருக்கும். மீண்டும் மணியடித்ததும் வேலி தாண்டி ஓடுவான். மூலிகைகளின் குணத்தை மரையா அவனுக்குக் கற்பித்தார். விவிலியம் ஒன்றையும் கொடுத்தார். அதனை அவர் முதுமையிலும் கைவிடவில்லை. கற்கக்கூடியவற்றையெல்லாம் கற்று, கற்றதைத் தம்மினத்தார்க்குக் கொடுக்கவேண்டும் என்று அவ்வம்மையார் அடிக்கடி சொல்லிவந்தார்.

நியோசோ ஆசிரியரின் அறிவெல்லை விரைவிலே தெரிந்துவிட்டது. கன்சாசு மாநிலத்துக்குப் போனார். 1879இல் போர்ட் ஸ்கொட் நகரிலே கறுப்பினத்தான் ஒருவனை வெள்ளையர் கூட்டம் தெருவிலே கொன்றதைக் கண்டு அவ்விரவே அவ்வூரை நீங்கினார். பின்னர் பிள்ளையில்லாத வேறொரு தம்பதியர், சீமோர் என்பார், அவரை ஏற்றுக்கொண்டனர். அக்காலத்தே அதே பெயருடைய இன்னொருவருடன் கடிதங்கள் மாறிப் போனமையால் தம் பெயரின் நடுவே ஓரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அவ்வெழுத்து வாஷிங்டன் என்பதைக் குறிக்குமோ என்று எவரோ கேட்க, அவ்வாறே ஆகுக என்றாராம். அடிமைக்காலப் பெயரும் மரையா திருத்திய முறையும் தாமே இட்டதுமாக அமைந்தது அவர் முழுப்பெயர். 1885இல் ஹைலண்ட் கல்லூரி அவரைக் கடிதமூலம் சேர்த்துக்கொண்டு, நிறத்தைக் கண்டபின் வாயிலிலேயே திருப்பியனுப்பியது. 1890இல் அயோவாவிலே சிம்சன் கல்லூரி ஏற்றது. அயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1894இல் இளமாணிப் பட்டமும் 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்று, அவ்வாண்டே புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்றுத் தஸ்கீகி நிறுவனத்துக்குச் சென்றார். 1943ஆம் ஆண்டு தைத் திங்கள் 5ஆம் நாள் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார்.

அவர் மணஞ் செய்திலர். மாணாக்கரைத் தம் பிள்ளைகள் என்றே சொல்லிவந்தார். அவர்கள் ஊர் திரும்பியபின்னும் அவர்க்கு மகன்போற் கடிதம் எழுதினர். சேர்த்த பணம் ஏறத்தாழ அறுபதினாயிரம் டொலரையும் ஆராய்ச்சி நிலையத்துக்கே விட்டுச் சென்றார்.

மோசசை அவர் மறந்திலர். சூசன் 1892இல் இறந்தார். ஜிம் அதற்கு முன்னரே 1883இல் பெரியம்மையால் மாண்டான். தொண்ணூறு கடந்த மோசசை 1908ஆம் ஆண்டிலே தேடிச் சென்று கண்டுவந்தார். தாய் மேரியின் இராட்டினம் மோசசின் கையிலிருந்து அவர் கைக்கு வந்தது. தஸ்கீகியிலே தம் அறையில் அதனை வைத்திருந்தார். அறைக்கு வருவோர் அதனைப்பற்றி வினவின், அருகே சென்று அதனை மெல்லத் தொட்டு, தம் தாயின் பொருள் அது என்று சொல்வார்.