தமிழ்நாடு பெயருக்காக மதுரையில் உயிர்விட்ட சங்கரலிங்கனார்: யார் இவர், என்ன கேட்டார்?

மதுரை வண்டிகளின் நம்பர் பிளேட்டில் டி.என். 58, டி.என். 59 என்று தினமும் பார்க்கிறோம். ஆனால், சுதந்திரம் கிடைத்து 21 வருஷம் கழித்துத்தான் இந்த மாநிலத்துக்குச் சட்டப்படி 'தமிழ்நாடு' என்ற பெயர் வந்தது. அதற்கு 12 வருஷம் முன்னாடியே, அந்தப் பெயரைக் கேட்டு உண்ணாவிரதம் இருந்த ஒருவர் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். அவர்தான் தியாகி சங்கரலிங்கனார்.

மெட்ராஸ் மாநிலம் எப்படி வந்தது?

கிழக்கிந்திய கம்பெனி போரிலும் ஒப்பந்தத்திலும் பிடித்த பகுதிகளை ஒன்றாகச் சேர்த்ததுதான் சென்னை மாகாணம். யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது அப்போது கணக்கிலேயே இல்லை. தமிழ் மாவட்டங்களோடு ஆந்திரப் பகுதிகள், மலபார், தென் கன்னடம் எல்லாம் ஒரே நிர்வாகத்தில் இருந்தன. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சாசனம் அமலுக்கு வந்தபோது, இந்த மாகாணம் 'மெட்ராஸ் மாநிலம்' ஆனது. ஆட்சி மாறியது, பெயரும் எல்லையும் பெரிதாக மாறவில்லை.

முதலில் வெடித்தது ஆந்திரக் கோரிக்கை. தனி மாநிலம் கேட்டு சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-ல் இறந்தார். கலவரம் பரவியது. சில நாட்களிலேயே மத்திய அரசு இறங்கி வந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது.

யார் இந்த சங்கரலிங்கனார்?

1895-ல் விருதுநகர் பக்கம் மண்மலைமேடு கிராமத்தில் பிறந்தவர். காந்தியவாதி, காங்கிரஸ்காரர். விருதுநகரில் கதர் கடை நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். சொந்த வீட்டைப் பெண்கள் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தில் சூலக்கரையில் ஆசிரம வாழ்க்கை வாழ்ந்தார்.

என்ன கேட்டார்?

1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்கும் வேலை டெல்லியில் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் வைத்த கோரிக்கைகள் மொத்தம் 12. மொழிவழி மாநிலம், மெட்ராஸுக்குத் தமிழ்நாடு என்ற பெயர், நாடு முழுக்க மதுவிலக்கு, அரசு ஊழியர்களுக்குக் கதர், ஆட்சியில் இருப்பவர்கள் ஆடம்பரம் இல்லாமல் வாழ்வது என்று பட்டியல் நீண்டது. இன்று நமக்கு நினைவிருப்பது பெயர் மட்டும்தான். மற்றவற்றைப் படித்தால், சுதந்திர இந்தியா காந்தி சொன்ன பாதையில் போகவில்லையே என்ற ஒரு காந்தியவாதியின் ஆதங்கம் புரியும்.

எதிரில் யார்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அப்போதைய முதல்வர் காமராஜர். அதே விருதுநகர்க்காரர், அதே காங்கிரஸ்காரர். இன்னொரு முரணும் உண்டு. காங்கிரஸ் 1920-லேயே தன் கிளைகளை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்ட கட்சி. இங்கே அதன் பெயரே தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி. கட்சி வைத்துக்கொண்ட பெயரை மாநிலத்துக்கு வைக்க மட்டும் ஆட்சி தயாராக இல்லை. மெட்ராஸ் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், அதை ஏன் மாற்ற வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வாதம்.

அண்ணா, ம.பொ.சி., ஜீவா எனப் பல தலைவர்கள் வந்து உண்ணாவிரதத்தைக் கைவிடச் சொன்னார்கள். சங்கரலிங்கனார் கேட்கவில்லை. 75 நாட்களைத் தாண்டியது. நிலைமை மோசமானதும் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய ராஜாஜி மருத்துவமனைதான் அது. 1956 அக்டோபர் 13-ல் அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 61. வாழ்நாள் முழுக்கக் காங்கிரஸில் இருந்தவரின் உடலைக் கம்யூனிஸ்ட் தலைவர்கள் பெற்றுக்கொண்டார்கள். மதுரை தத்தனேரியில் இறுதிச்சடங்கு நடந்தது.

அவர் இறந்த பிறகு?

சரியாக 19 நாளில், நவம்பர் 1-ல், புது மாநிலங்கள் அமலுக்கு வந்தன. மலபார் கேரளாவுக்குப் போனது. தென் கன்னடம் மைசூருக்குப் போனது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. மொழிவழி மாநிலம் கிடைத்துவிட்டது. பெயர் மட்டும் மெட்ராஸ்தான்.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமாக:

* 1961: தமிழில் எழுதும்போது தமிழ்நாடு, ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று மாநில அரசு பாதி வழிக்கு வந்தது.
* 1963: பூபேஷ் குப்தா ராஜ்ய சபாவில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அண்ணா ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது.
* 1967 ஜூலை 18: முதல்வர் அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது.
* 1969 ஜனவரி 14: நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அமலுக்கு வந்தது. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது.

ஸ்ரீராமுலு அளவுக்கு இவர் ஏன் பேசப்படவில்லை?

ஸ்ரீராமுலு இறந்த சில நாளில் அறிவிப்பு வந்தது. அதனால் மரணத்தையும் வெற்றியையும் மக்கள் சேர்த்தே நினைவில் வைத்தார்கள். சங்கரலிங்கனார் இறந்ததற்கும் பெயர் கிடைத்ததற்கும் நடுவில் 12 வருஷம், ஓர் ஆட்சி மாற்றம். பெயர் சூட்டிய பெருமை அண்ணாவுக்குப் போனது. அது நியாயம்தான். ஆனால், காங்கிரஸுக்கு அவர் தர்மசங்கடம். திராவிடக் கட்சிகளுக்கோ அவர் தங்கள் ஆள் இல்லை. முழுசாகச் சொந்தம் கொண்டாட ஒரு கட்சி இல்லாததால், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகவே நின்றுவிட்டார்.

விருதுநகரில் இப்போது அவருக்கு அரசு மணிமண்டபம் இருக்கிறது. ஜூலை 18 தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு ஒன்பது நாள் கழித்து வரும் ஜூலை 27, அவர் சாப்பாட்டை நிறுத்திய நாள். அது எந்தக் காலண்டரிலும் இல்லை.