கட்டடங்களில் வாழும் ஹப்பேக்

வடக்கிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானைக் கடந்து வரும் இரயில், சிறிது நேரத்தில் ஈப்போவை அடைகிறது. அங்கு இறங்கும் பயணிகளை வெண்ணிறக் குவிமாடங்களும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட ஓர் அழகிய கட்டடம் வரவேற்கிறது. ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்று மக்கள் அதனை அழைப்பர். எதிரே கம்பீரமாக நிற்பது நகர மண்டபம். இவ்விரண்டையும் வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக்.

ஹப்பேக் 1871ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அந்நகரின் மேயராகப் பணியாற்றியவர். ஹப்பேக் லிவர்பூல் நகராட்சியின் கட்டடக் கலைஞரிடம் பயிற்சி பெற்றார். 1895ஆம் ஆண்டு, தமது 24ஆவது வயதில், மலாயாவுக்குக் கப்பலேறினார். சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் தலைமை வரைவாளராகச் சேர்ந்தார்.

அப்போது கோலாலம்பூரில் ஒரு பெரிய அரசாங்க அலுவலகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதுவே இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதனை ஏ. சி. நார்மன் என்பவர் தனியொருவராக வடிவமைத்தார் என்றே பலரும் நீண்ட காலம் நம்பி வந்தனர். உண்மை வேறு. நார்மன் முதலில் வரைந்தது ஐரோப்பிய பாணியிலான கட்டடம். அரசாங்கப் பொறியாளரான ஸ்பூனர் அதனை ஏற்கவில்லை. இஸ்லாமிய நாடுகளின் கட்டடக் கலையைத் தழுவியதாக அது அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆகவே, பிட்வெல் என்ற இளைஞர் புதிய வரைபடத்தைத் தயாரித்தார். அவர் 1895இல் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டதால், எஞ்சிய வரைபடப் பணிகளில் ஹப்பேக் ஈடுபட்டார். 1897இல் கட்டடம் திறக்கப்பட்டது. பதவியில் மூத்தவரான நார்மனின் பெயரே மக்கள் மனத்தில் நிலைத்தது.

இத்தகைய கட்டடங்களின் பாணி மலாய் மரபில் தோன்றியது என்பது மற்றொரு தவறான எண்ணம். பழைய மலாய் அரண்மனைகளும் பள்ளிவாசல்களும் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. குவிமாடமும் வளைவுகளும் நிறைந்த இந்தப் பாணியோ மொகலாயர் காலத்து இந்தியக் கட்டடங்களிலிருந்து வந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதனைத் தங்கள் அரசாங்கக் கட்டடங்களில் கையாண்டனர். பின்னர் அதனையே மலாயாவுக்கும் கொண்டுவந்தனர்.

அந்தப் பாணியில் ஹப்பேக் கைதேர்ந்தவரானார். 1909இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசலும், 1910இல் நிறைவடைந்த அந்நகரின் இரயில் நிலையமும் அவருக்குப் புகழ் சேர்த்தன. பேராக் சுல்தான் இட்ரிஸ் விரும்பியவாறு கோல கங்சாரில் உபுடியா பள்ளிவாசலையும் அவரே வடிவமைத்தார். அதன் கட்டுமானத்தின்போது இரண்டு யானைகள் சண்டையிட்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்த பளிங்குக் கற்களைச் சேதப்படுத்தின என்பர். கேட்பதற்குக் கட்டுக்கதை போல் தோன்றினாலும், இந்நிகழ்ச்சி அப்பள்ளிவாசலின் வரலாற்றிலேயே இடம்பெற்றுள்ளது. முதல் உலகப் போரும் மூண்டதால் பணி மேலும் தாமதமானது. 1917இல் அது நிறைவடைந்தபோது, அதனைக் காண சுல்தான் இட்ரிஸ் உயிருடன் இல்லை.

ஈப்போ இரயில் நிலையமும் அதே ஆண்டில்தான் முழுமை பெற்றது. அப்போது ஹப்பேக் வரைபலகையின் முன் இல்லை. ஐரோப்பியப் போர்க்களத்தில் இருந்தார். படையில் பிரிகேடியர் ஜெனரல் தகுதி வரை உயர்ந்த அவர், போருக்குப்பின் இங்கிலாந்தில் வாழ்ந்து 1948இல் காலமானார்.

ஹப்பேக் வரைந்தவை தாளில் இருந்த கோடுகள். அவற்றைச் சுவர்களாகவும் தூண்களாகவும் மாற்றியவை தொழிலாளர்களின் கைகள். அந்த நிலையங்களை இணைக்கும் தண்டவாளங்களைப் பதிப்பதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் பெரும் பங்காற்றினர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இரயில் சேவையை நடத்தினர். நார்மனின் பெயருக்குப் பின்னால் பிட்வெல், ஹப்பேக் ஆகியோரின் உழைப்பு மறைந்திருந்தது போலவே, ஹப்பேக்கின் பெயருக்குப் பின்னால் இவர்களின் உழைப்பும் மறைந்திருக்கிறது. ஒரு கட்டடத்தின் உண்மை வரலாறு, அதனை உருவாக்கிய அனைவரையும் நினைவில் கொள்ளும்போதுதான் முழுமை அடைகிறது.