யப்பானிய மொழியைச் சிட்னியில் விதைத்த பேராசிரியர் ஜேம்ஸ் மேர்டொக்

பிற நாட்டார் மொழியொன்றைக் கற்று, அதற்கே தம் வாழ்நாளை அளித்த பெரியோரை எண்ணுங்கால், தமிழராகிய நமக்கு வீரமாமுனிவரும் கால்டுவெல் பெருமகனாரும் போப் ஐயரும் முதலில் நினைவுக்கு வருவர். யப்பானிய நாட்டின் வரலாற்றுக்கு அத்தகைய தொண்டாற்றியவர் ஜேம்ஸ் மேர்டொக். அவருடைய இறுதிப் பணி நாம் குடியேறி வாழும் இவ் அவுஸ்திரேலிய மண்ணிலேயே நிகழ்ந்தது. ஆதலின், அவர் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்றெனக் கருதி, ஈண்டுச் சுருக்கித் தருகின்றோம்.

மேர்டொக் 1856ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள், ஸ்கொட்லாந்தில் அபர்தீன் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்டோன்ஹேவன் என்னும் கடலோர ஊரில், பலசரக்கு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் ஒக்ஸ்போர்ட்டிலும், ஜேர்மனியிலும், பாரிஸ் நகரிலும் கல்வி பயின்றார். 1881இல் குயின்ஸ்லாந்துக்கு வந்து மேரிபரோ நகரில் தலைமையாசிரியரானார். பள்ளி அறங்காவலரோடு ஒத்துப்போக இயலாமையால் 1885இல் அப்பதவியை இழந்தார். பின்னர் பிரிஸ்பேனில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் பணியாற்றினார்.

1889இல் யப்பானுக்கு ஆசிரியராகச் சென்றமையே அவர் வாழ்வின் திருப்பமாகும். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. டோக்கியோவின் முதலாம் உயர்தரப் பள்ளியில் அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் நட்சுமே சொசெகி. யப்பானின் தலைசிறந்த நாவலாசிரியராகப் புகழ்பெற்று, பிற்காலத்தில் ஆயிரம் யென் நாணயத்தாளில் உருவம் பொறிக்கப்பெற்றவர் இவரே.

சமதர்மக் கொள்கையில் பற்றுடைய மேர்டொக், 1893இல் தென்னமெரிக்காவின் பரகுவே நாட்டில் அவுஸ்திரேலியத் தொழிலாளர் அமைத்த புதிய குடியேற்றத்தில் இணையச் சென்றார். அங்கு ஏமாற்றமே எஞ்சியது. சில நாட்களிலேயே நீங்கினார். இலண்டன் சென்று, பிரித்தானிய அரும்பொருளகத்தில் பதினாறாம் நூற்றாண்டுக் கிறித்தவத் துறவியர் யப்பானிலிருந்து எழுதிய மடல்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே அவரது பெருநூலுக்கு வித்தாயிற்று.

மீண்டும் யப்பான் சென்று கனசாவா, டோக்கியோ, ககோசிமா ஆகிய நகரங்களில் கற்பித்தார். 1899இல் தகேகோ ஒகாடா என்னும் யப்பானியப் பெண்மணியை மணந்தார். 1903இல் யப்பான் வரலாற்றின் முதல் வெளியீடு, யமகதா என்னும் யப்பானியரின் துணையோடு வெளிவந்தது. ஆயினும், மூல ஏடுகளைப் பிறர் மொழிபெயர்ப்பின் வழியே அறிதல் போதாதென உணர்ந்த அவர், முதுமையை நெருங்கும் வயதில் பழைய யப்பானிய மொழியைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அடுத்த பகுதி 1910இல் வெளிவந்தது. மூன்றாம் பகுதி அவர் மறைந்தபின் 1926இல் அச்சேறியது.

1911இல், அரசு வழங்கிய கலாநிதிப் பட்டத்தைச் சொசெகி ஏற்க மறுத்தார். அச்செய்தி அறிந்த பழைய ஆசிரியர் மகிழ்ந்து பாராட்டி மடல் எழுதினார். மாணவரும் தம் ஆசிரியரைப் பற்றியும் அவரது வரலாற்று நூலைப் பற்றியும் கட்டுரைகள் வரைந்து நன்றிக்கடன் செலுத்தினார்.

முதலாம் உலகப் போரில் யப்பான் நேசநாடாக விளங்கியது. 1914இல் அவுஸ்திரேலியப் படைவீரரை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு யப்பானியப் போர்க்கப்பலும் காவலாகச் சென்றது. எனினும், வளர்ந்துவரும் அந்நாட்டின்மீது இங்கு அச்சம் நிலவியது. அதனை அறிந்துகொள்ள அதன் மொழி வேண்டுமெனப் பாதுகாப்புத் திணைக்களம் எண்ணிற்று. அதன் பயனாக 1917இல் மேர்டொக் வரவழைக்கப்பெற்று, சிட்னிப் பல்கலைக்கழகத்திலும் டன்ட்ரூன் இராணுவக் கல்லூரியிலும் யப்பானிய மொழி கற்பிக்கலானார். சிட்னியின் ஃபோர்ட் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளியிலும் அம்மொழி கற்பிக்கப்பட்டது.

மறு ஆண்டே டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அவரை இழக்க விரும்பாத சிட்னிப் பல்கலைக்கழகம், கீழைத்தேயக் கல்விப் பேராசிரியர் பதவியை அவருக்கு நிரந்தரமாக அளித்தது. பாதுகாப்புத் திணைக்களம் அதற்கென ஆண்டுதோறும் 600 பவுண் வழங்கியது. ஆண்டுதோறும் அவர் யப்பான் சென்று அந்நாட்டின் வெளியுறவுப் போக்கை அறிந்துவர இடமளித்தல் வேண்டும் என்பதே உடன்பாடு.

ஈண்டு ஒன்றை நாம் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், இனங்களிடையே சமத்துவம் ஏற்கப்பட வேண்டுமென யப்பான் கோரியது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையைக் காக்க முனைந்த பிரதமர் பில்லி ஹியூஸ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். முதற் பயணம் முடிந்து திரும்பிய மேர்டொக்கோ, அவ்விடயத்தில் அவுஸ்திரேலியா காட்டிய பிடிவாதத்தை வன்மையாகக் கண்டித்து அறிக்கை அளித்தார். ஊதியம் தருவோர் விரும்புவதைக் கூறாது, தாம் கண்ட உண்மையைக் கூறினார். அக்கொள்கை முற்றாக நீங்க 1973ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது. அது நீங்கியிராவிடின், நம் பிள்ளைகள் தமிழ் பயிலும் இப்பள்ளிகள் இந்நாட்டில் தோன்றியிரா.

1921ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், சிட்னியின் போல்கம் ஹில்ஸ் பகுதியில், புற்றுநோயால் மேர்டொக் காலமானார். அவரது இடத்தை 1922இல் ஏற்ற ஆர்தர் சாட்லர், 1947வரை அப்பணியைத் தொடர்ந்தார். இடையில் இரு நாடுகளும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றன. பின்னர் நட்பும் மலர்ந்தது. இன்று அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் மிகுதியாகக் கற்கப்படும் பிறமொழிகளுள் யப்பானிய மொழியும் ஒன்றாகும்.

அச்சத்தின் பொருட்டு நாட்டப்பெற்ற கல்வி, கற்றவர் நெஞ்சில் நடுநிலையாகக் கனிந்தமையே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். ஒரு மக்களின் மொழியை உளமாரக் கற்றவர், அம்மக்களை இகழ்தல் அரிது. முதுமையை நெருங்கிய ஒருவர் பிறர் மொழியின் பழைய ஏடுகளைக் கற்றுத் தெளிந்தாரெனில், இளமையும் ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற நம் மாணவர் தாய்மொழியைக் கற்றல் அரிதாமோ? தமிழையும் கற்போம், அயலார் மொழியையும் மதித்துக் கற்போம்.