வாசகரோடு வளர்ந்த எழுத்து: கல்கியின் வாழ்வும் வரலாற்றுப் புதினக் கூட்டுவாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வரலாற்றுப் புதினத்தைப் பெருவழக்காக்கியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899 - 1954). அவருடைய புதினங்களின் கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு, வரலாற்று ஆதாரங்கள் ஆகியன பலவாறு ஆராயப்பட்டுள்ளன. அப்புதினங்கள் வாசிக்கப்பட்ட முறை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கிழமைதோறும் காத்திருந்து, ஒருவர் படிக்கப் பலர் கேட்டு, தம்முள் பேசிப் பகிர்ந்துகொண்ட வாசிப்பு அது. அவ்வாசிப்புக்கு ஏற்ற எழுத்துமுறை கல்கியின் வாழ்க்கையில் எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கல்கி, வரலாற்றுப் புதினம், தொடர்கதை, கூட்டுவாசிப்பு, கல்வெட்டு, பொன்னியின் செல்வன்.

முன்னுரை

தமிழில் வரலாற்றுப் புதினம் கல்கியோடு தோன்றியதன்று. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது. தமிழின் முதல் வரலாற்றுப் புதினமாக அதுவே சுட்டப்பெறுகிறது. எனினும் அதற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வகை தமிழ் வாசகரின் அன்றாடப் பேச்சில் இடம்பெறவில்லை. அவ்விடத்தைப் பெற்றுத்தந்தவை கல்கியின் மூன்று புதினங்களாகும். எழுத்தாற்றல் ஒன்றை மட்டுமே இதற்குக் காரணமாகக் கூறின் அது முழு விளக்கமாகாது. கதைகேட்கும் மரபு, விடுதலை இயக்கம், இதழியல், வரலாற்றாய்வின் வளர்ச்சி ஆகிய நான்கும் அவர் வாழ்வில் ஒருங்கே சந்தித்தன. அச்சந்திப்பைப் பின்வரும் பகுதிகள் காலமுறைப்படி எடுத்துரைக்கின்றன.

1. இளமையும் கல்வியும்

கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் சிற்றூர்க் கணக்கர், தாய் தையல்நாயகி. காவிரிப் படுகையின் சிற்றூர்களில் அக்காலத்தே நூலைத் தனியே அமர்ந்து படிப்போரைவிடப் பிறர் படிக்கக் கேட்போரே மிகுதி. இராமாயண, பாரதக் கதைகளும் நாயன்மார் வரலாறுகளும் கதாகாலட்சேபமாகவும் புராணப் படிப்பாகவும் மக்களை அடைந்தன. ஒரு நாளில் கதை முடிந்துவிடுவதில்லை. அடுத்த நாளுக்கெனக் கேட்போர் காத்திருப்பர். இடைப்பட்ட நேரத்தில் கேட்டதைப் பற்றிப் பேசிக்கொள்வர். பிற்காலத்தில் கல்கி கையாண்ட தொடர்கதை வடிவத்தின் முன்னோடியை அயல்நாட்டு இதழ்களில் மட்டுமின்றி இம்மரபிலும் காணலாம்.

ஊர்ப் பள்ளியிலும் மாயவரத்திலும் பயின்ற பின் அவர் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பள்ளிச் சான்றிதழ் பெறாத இவ்விளைஞரே பின்னாளில் பல்லவர், சோழர் வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார் என்பது எண்ணத்தக்கது. தாமே தேடிப் படித்துக் கற்றவர் அவர். ஆதலால், படித்ததைப் பிறர்க்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்லும் முறை அவர் எழுத்தில் இயல்பாக அமைந்தது.

2. இதழியற் பயிற்சி

சிறையிலிருந்து வெளிவந்தபின், 1923இல் திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘நவசக்தி’யில் துணையாசிரியரானார். திரு. வி. க.விடம் தமிழ்நடையில் பயிற்சி பெற்றதோடு, காந்தியடிகளின் தன்வரலாற்றைத் தமிழாக்கும் பணியிலும் ஈடுபட்டார். பிறமொழி நூலொன்றைப் பொதுவாசகரின் மொழிக்குக் கொண்டுவரும் பயிற்சி இதனால் வாய்த்தது. 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தை அடைந்து, இராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழில் துணைநின்றார். குடியின் தீமையை எழுத்தறிவு குறைந்தோருக்கும் உணர்த்துவது அவ்விதழின் நோக்கம். சுருங்கிய தொடர், நேரடி விளி, நகைச்சுவை ஆகியவற்றின் பயனை அங்கே நன்கு அறிந்தார்.

1931இல் எஸ். எஸ். வாசனின் ‘ஆனந்த விகட’னில் ஆசிரியப் பொறுப்பேற்றார். அங்கே கழித்த பத்தாண்டுகள் அவரையும் வாசகரையும் ஒருங்கே உருவாக்கின. ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசை, நாட்டியம், நாடகம், திரைப்படம் குறித்து எழுதிய திறனாய்வுகள், கலையைப் பற்றிக் கருத்துக் கூறும் உரிமை புலமையாளர்க்கே உரியதன்று என்னும் எண்ணத்தைப் பரப்பின. ‘கள்வனின் காதலி’, ‘தியாகபூமி’ ஆகிய தொடர்கதைகள் கிழமைதோறும் காத்திருக்கும் பழக்கத்தை வளர்த்தன. ‘தியாகபூமி’ 1939இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

3. கல்கி இதழும் பல்லவர் காலமும்

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு மூன்றாம் முறையாகச் சிறைசென்ற அவர், விகடனிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில், நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நடித்துப் பெற்ற ஊதியம் இதழுக்கு முதலாக உதவியது. புதிய இதழுக்கு வாசகரை ஈர்க்கும் தேவை இருந்தது. அத்தேவையின் நடுவே பிறந்ததே அவருடைய முதல் வரலாற்றுப் புதினமாகிய ‘பார்த்திபன் கனவு’. பல்லவப் பேரரசுக்கு அடங்கிக் கப்பம் கட்டும் சிறிய சோழநாட்டின் விடுதலை வேட்கை அதன் கரு. அயலாட்சியின்கீழ் வாழ்ந்த 1940களின் வாசகர் அதில் தம் காலத்தையும் கண்டனர்.

அடுத்து 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ வெளிவந்தது. மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் ஆகியோரின் காலமும் வாதாபிப் படையெடுப்பும் அதன் களம். இதில் கல்கி மேற்கொண்ட ஓர் இணைப்பு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. வாதாபியை வென்ற பரஞ்சோதியே பின்னர்ச் சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. பல்லவர் செப்பேடுகளை அறியாத வாசகரும் சிறுத்தொண்டரை அறிந்திருந்தனர். பழகிய அடியார் வரலாற்றிலிருந்து பழகாத அரசியல் வரலாற்றுக்குச் செல்ல இப்பாத்திரம் பாலமாயிற்று. ஒரே வீட்டில் புராணம் கேட்ட முதியவரும் பள்ளியில் வரலாறு படித்த இளையவரும் இதுபற்றித் தம்முள் பேசிக்கொள்ள இடம் உண்டாயிற்று.

இக்காலத்தில் வாசகர், கதை படிப்போர் என்னும் நிலையோடு நிற்கவில்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவு மண்டபம் எழுப்பக் கல்கி தம் இதழ்வழி வேண்டுகோள் விடுத்தபோது வாசகர்கள் நிதி அனுப்பினர். 1945இல் இராஜாஜி அடிக்கல் நாட்டிய அம்மண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பெற்றது. தனித்தனியே சிதறியிருந்த வாசகர் ஓர் இதழின்வழி ஒரு பொதுச்செயலில் ஒன்றுகூட முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

4. பொன்னியின் செல்வன்: காத்திருப்பும் பகிர்வும்

1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை மூன்றரை ஆண்டுகள் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வெளிவந்தது. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் கதைமாந்தருக்கு முகம் தந்தன. கதைக்களங்களை நேரில் காணும் பொருட்டு மணியத்துடன் கல்கி இலங்கைக்கும் சென்றுவந்தார்.

இப்புதினம் வாசிக்கப்பட்ட முறையை மூன்று கூறுகளாக வகுக்கலாம். முதலாவது, பகிர்ந்து படித்தல். வீட்டுக்கு வந்த ஓர் இதழ் பலர் கைக்குச் சென்றது. அண்டை வீட்டாருக்கும் இரவலாயிற்று. எழுத்தறியாத மூத்தோர்க்கு இளையோர் உரக்கப் படித்துக் காட்டினர். இரண்டாவது, பேசுதல். ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள நாள்கள் ஊகத்துக்கு உரியனவாயின. நந்தினி யார், ஆதித்த கரிகாலனுக்கு என்ன நேரும் என்பன குடும்பத்தார்க்கும் அலுவலகத் தோழர்க்கும் பேசுபொருளாயின. மூன்றாவது, சேமித்தல். தொடர்ப்பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துப் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் பரவியது. அத்தொகுதிகள் தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டனிடமிருந்து பேரனுக்கும் சென்றன. பிள்ளைகளுக்குக் குந்தவை, அருள்மொழி எனப் பெயரிடும் வழக்கிலும் இதன் செல்வாக்கைக் காணலாம்.

இக்கூட்டுவாசிப்புக்குப் புதினத்தின் நடையே இடமளித்தது. கதைசொல்லி வாசகரை அடிக்கடி நேரே விளிக்கிறார். ஓரிடத்தில் நிறுத்தி முன்நிகழ்ந்ததை நினைவூட்டுகிறார். வந்தியத்தேவனை வாசகரின் வழித்துணையாக்கி, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கிச் சோழநாடு முழுவதும் அழைத்துச் செல்கிறார். தனிமையில் நூலாகப் படிப்போர்க்கு மிகையெனத் தோன்றும் நினைவூட்டல்கள், இடையில் ஓரிதழைத் தவறவிட்டவர்க்கும் செவிவழி கேட்டவர்க்கும் இன்றியமையாதனவாக இருந்தன.

5. புனைவும் சான்றும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ஷ் படித்துப் பதிப்பித்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் ஆங்கிலத்தில் வெளிவந்தது, தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதற்பகுதி 1949இல் தமிழில் வந்தது. எனவே கல்கியின் வாசகருள் பெரும்பாலோர்க்குச் சோழர் வரலாறு புத்தம்புதிய செய்தியாகும்.

உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையோராக ரவிதாசன் முதலியோரைக் குறிக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு, அருள்மொழி அரியணையைத் தம் சிறிய தந்தை முறையினரான உத்தம சோழனுக்கு விட்டுத்தந்ததைக் கூறுகிறது. அன்பில் செப்பேடு அநிருத்தப் பிரமராயரை அறிவிக்கிறது. தஞ்சைக் கல்வெட்டு வல்லவரையர் வந்தியத்தேவரைக் குந்தவையின் கணவராகக் காட்டுகிறது. இச்சிறு குறிப்புகளுக்கு இடைப்பட்ட வெளியை நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகிய கற்பனை மாந்தரைக்கொண்டு கல்கி நிரப்பினார். கொலையாளி யார் என்பதில் கல்வெட்டு விட்டுச்சென்ற ஐயத்தைப் புதினமும் முழுவதுமாக நீக்கவில்லை. ஆதலால் கதை முடிந்த பின்னும் வாசகரின் விவாதம் தொடர்ந்தது.

தொடர் நிறைவுற்றபோது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என வாசகர் எழுப்பிய வினாக்களுக்குக் கல்கி தம் முடிவுரையில் விடையளித்தார். வாசகரின் பேச்சு படைப்பின் எல்லைக்குள் இடம்பெற்றதற்கு இது நேரடிச் சான்றாகும்.

6. எதிர்க்கருத்துகள்

கல்கியின் வெற்றி மறுப்புக்கு ஆளாகாததன்று. புதுமைப்பித்தன் முதலிய மணிக்கொடி எழுத்தாளர்கள் அவரோடு கடுமையாக மோதினர். இலக்கியத் தரத்தைவிட வாசகர் விருப்பத்துக்கே அவர் முதன்மை தந்தார் எனவும், வால்டர் ஸ்காட், அலெக்சாந்தர் டூமா ஆகியோரின் கதைமுறையைப் பின்பற்றினார் எனவும் திறனாய்வாளர் கூறினர். க. நா. சுப்ரமண்யம் தொடர்கதை மரபையே ஐயுற்றார். இவற்றில் உண்மை உண்டு. மறைந்திருந்து கேட்டல், மாறுவேடம், அத்தியாய இறுதித் திடுக்கம் ஆகிய உத்திகள் அவர் புதினங்களில் மிகுதி. அரசரின் பெருமையே மேலோங்க, உழுகுடிகளின் வாழ்வு பின்னணியில் நிற்கிறது. நந்தினியை உண்மையில் வாழ்ந்தவளாகக் கருதும் வாசகர் இன்றும் உள்ளனர்.

இக்குறைகள் பனுவலை மட்டும் நோக்கிக் கண்டவை. வாசிப்பையும் உடன்வைத்து நோக்கின் மற்றொரு பக்கம் புலனாகும். புனைவை வரலாறென மயங்கிய வாசகரை உருவாக்கிய அதே புதினம், எது புனைவு என வினவும் வாசகரையும் உருவாக்கியது. உடையார்குடிக்கும் பழையாறைக்கும் கொடும்பாளூருக்கும் சென்று கல்லையும் கோயிலையும் தேடிக் காண்போர் பலர் இப்புதினத்தின்வழி வந்தோரே. மயக்கத்தைத் தெளிவிக்கும் பொறுப்பு ஆசிரியர்க்கு மட்டுமின்றி, வாசகரிடையே நிகழும் உரையாடலுக்கும் உண்டு.

முடிவுரை

கல்கி 1954 டிசம்பர் 5ஆம் நாள், தம் 55ஆம் அகவையில் மறைந்தார். அப்போது எழுதிவந்த ‘அமரதாரா’வை அவர் மகள் ஆனந்தி நிறைவுசெய்தார். 1956இல் ‘அலை ஓசை’க்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அது வரலாற்றுப் புதினமன்று, அவர் தம் காலத்தைப் பற்றி எழுதிய சமூகப் புதினம் என்பது கருதத்தக்கது. அவருடைய நூற்றாண்டையொட்டி நூல்கள் நாட்டுடைமையாயின. அதன்பின் பல பதிப்பகங்கள் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் மூன்று வரலாற்றுப் புதினங்களையும் புதிய தலைமுறையிடம் சேர்த்தன.

கதைகேட்கும் மரபில் வளர்ந்து, விடுதலை இயக்கத்தில் மக்களோடு பேசப் பழகி, இதழியலில் வாசகரின் நாடியறிந்து, வரலாற்றாய்வின் புதிய முடிவுகளைக் கற்றுணர்ந்தவர் கல்கி. இந்நான்கும் இணைந்ததால் அவர் புதினங்கள் பலர் கூடிப் படிக்கும் நூல்களாயின. வரலாற்றுப் புதினத்தை மதிப்பிடுங்கால் அதன் சான்றுகளையும் கலைத்திறனையும் மட்டுமன்றி, அது வாசகரிடையே எத்தகைய பேச்சை எழுப்பியது என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். வீடுகளில் எஞ்சியிருக்கும் தொடர்ப்பக்கத் தொகுதிகளும், படிக்கக் கேட்ட மூத்த தலைமுறையினரின் நினைவுகளும் அவ்வாய்வுக்குரிய முதன்மைச் சான்றுகளாகும். அவை அழியுமுன் தொகுக்கப்படுதல் தமிழாய்வுக்கு இன்றியமையாத பணியாகும்.