நன்றியோடு விடிந்த காலைகள்

ஜூன் 22 அன்று நாம் நினைவுகூரும் புனித தாமஸ் மூர், 1529 முதல் 1532 வரை இங்கிலாந்தின் சான்சலராக இருந்தவர். குடும்பம், வழக்குகள், அரச அலுவல்கள் என்று நம்மைவிட வேலை அதிகம் உள்ளவர். ஆயினும் அதிகாலை 2 மணிக்கே எழுந்து, 7 மணி வரை செபத்திலும் படிப்பிலும் செலவிடுவார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நாள்தோறும் திருப்பலி காண்பார். ஒருநாள் திருப்பலி நேரத்தில் மன்னர் எட்டாம் ஹென்றி மீண்டும் மீண்டும் ஆள் அனுப்பினார். மூர் அசையவில்லை. மன்னரைவிடப் பெரிய மன்னருக்குரிய வழிபாடு முடிந்த பிறகே சென்றார். (ஞாயிறன்று இரண்டாம் வாசகத்தின்போது ஆலயத்திற்குள் நுழைகிற நம்மில் சிலருக்கு இது உறுத்தலாம்.)

வசதியாக இருக்கும்போது இது எளிது என்று தோன்றலாம். திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கும் உறுதிமொழியை எடுக்க மறுத்ததால், 1534 ஏப்ரலில் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே தம் செபப் புத்தகத்தின் ஓரங்களில் சொந்தமாக ஒரு மன்றாட்டை எழுதினார். அதில் விடுதலை கேட்கவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை எப்போதும் நினைக்கவும், அவர் செய்த நன்மைகளுக்கு இடைவிடாமல் நன்றி கூறவும் வரம் கேட்டார். அந்தப் புத்தகம் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1535 ஜூலை 6, விடியற்காலை. நண்பர் தாமஸ் போப் சிறைக்கு வந்து, 9 மணிக்கு முன் மரண தண்டனை நிறைவேறும் என்ற மன்னரின் ஆணையைத் தெரிவித்தார். மூர் அவருக்கு நன்றி சொன்னார். தம் முடிவை எண்ணிப் பார்க்கக் காலமும் இடமும் தந்ததற்காக மன்னருக்கும் நன்றி சொன்னார். அழுதவர் போப்தான். அவரைத் தேற்றியவர் மூர்.