ராவுல் பிறெபிஷ்: மையமும் விளிம்பும்

தென்னமெரிக்க நாடாகிய ஆர்ஜென்ரீனாவின் வடபகுதியிலே, கரும்புத் தோட்டங்களாற் சூழப்பெற்ற துக்குமான் நகரில், 1901ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆந் திகதி ராவுல் பிறெபிஷ் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். பிறெபிஷ் தலைநகராகிய புவெனஸ் ஐரிஸ் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்று, 1925இல் இருபத்து நான்கு வயதிலேயே அங்கு பேராசிரியரானார்.

அவர் கற்றதும் கற்பித்ததும் பிரித்தானிய அறிஞர் வகுத்த பழைய பொருளியலே. ஒவ்வொரு நாடும் தனக்கு எளிதில் விளைவதை விளைத்து விற்கட்டும். ஏனையவற்றைப் பிறரிடம் வாங்கட்டும். இயந்திரத்தால் உற்பத்தி பெருகப் பெருகக் கைத்தொழிற் பொருள்களின் விலை இறங்கும். அதன் பயன் கோதுமை விளைப்பவனையும் வந்தடையும் என்பது அதன் சாரம். கோதுமையும் சோளமும் மாட்டிறைச்சியும் விற்றுச் செல்வங் கொழித்திருந்த அன்றைய ஆர்ஜென்ரீனாவில் இதனை ஐயுற்றவர் மிகச் சிலரே. வயிறு நிறைந்திருக்கும்போது சமையற்காரனிடம் கணக்குக் கேட்பாரில்லை.

1929இல் உலகப் பொருளாதார மந்தம் மூண்டது. விளைபொருள்களின் விலை சரிந்தது. பொன் நாட்டைவிட்டு வெளியேறியது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே நாணயத்தைப் பொன்னாக மாற்றிக்கொடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. 1930 செப்ரெம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, முப்பது வயது நிரம்பாத பிறெபிஷ் நிதித்துறையின் உதவிச் செயலாளரானார். முதலில் அவர் நூல் சொன்னபடியே நடந்தார். அரசாங்கச் செலவும் உத்தியோகத்தர் சம்பளமும் குறைக்கப்பட்டன. புதிதாக வருமான வரி விதிக்கப்பட்டது. நோய் தணியவில்லை. இதற்கிடையில், சுதந்திர வர்த்தகத்தை உலகுக்கு உபதேசித்த பிரித்தானியாவே 1932இல் ஒட்டாவா மாநாட்டில் தன் சாம்ராச்சிய நாடுகளுக்கு மட்டும் சலுகை வழங்கி, ஏனையோருக்குக் கதவைப் பாதி சாத்திக்கொண்டது. மறுவருடம், இறைச்சிச் சந்தையைக் காத்துக்கொள்ள இலண்டனுக்குச் சென்ற தூதுக்குழுவில் பிறெபிஷும் இருந்தார். குளிரூட்டிய மாட்டிறைச்சிக்கு இடங்கேட்டு, அதற்கீடாகப் பிரித்தானியப் பொருள்களுக்குத் தீர்வைக் குறைப்பை ஒப்புக்கொண்டு அக்குழு திரும்பிற்று. நூலறிவு உடைந்தது அங்கேதான் என்று கொள்ளலாம்.

1935இல் ஆர்ஜென்ரீனாவின் மத்திய வங்கி நிறுவப்பட்டது. இங்கிலாந்து வங்கியைச் சேர்ந்த ஓட்டோ நீமயர் வரைந்த திட்டத்தைத் தம் நாட்டுக்கேற்றவாறு திருத்தியமைத்தவர் பிறெபிஷ். வங்கியின் முதற் பொது முகாமையாளரும் அவரே. பிற்காலப் புகழின் நிழலில் இப்பணி மறைந்துபோயிற்று. என் மதிப்பில் இதுவே அவர் செய்தவற்றுள் மிகச் செம்மையானது. மூலப்பொருளை விற்று வாழும் நாட்டில், விலை உயர்ந்த ஆண்டிற் பொன் வந்து குவியும், வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுக்கும், இறக்குமதி பெருகும். அடுத்த ஆண்டில் விலை வீழ்ந்ததும் வந்த பொன்னெல்லாம் ஓடிவிடும். இந்த ஏற்றவற்றத்தை இயற்கையின் நியதியென்று விட்டுவிட அவர் இசையவில்லை. நல்ல ஆண்டிலே முறிகளை விற்று வங்கிகளிடமிருந்த மிகைப் பணத்தை உறிஞ்சிக்கொண்டு, செலாவணியைச் சேமித்துவைத்தார். கெட்ட ஆண்டில் அதனைத் திறந்துவிட்டார். 1937இல் ஏற்றுமதி செழித்து 1938இல் வீழ்ந்தபோது, சேமிப்பு கைகொடுத்தது. மாரியிற் குளத்தைக் கட்டிக் கோடையில் மதகைத் திறக்கும் கமக்காரனின் முறைதான் இது.

1943 ஜூனில் மீண்டும் இராணுவப் புரட்சி. ஒக்ரோபரிற் பிறெபிஷ் பதவி நீக்கப்பட்டார். அலுவலகம் போயிற்று, சிந்திக்க நேரம் கிடைத்தது. மெக்சிக்கோ, பரகுவே முதலிய நாடுகள் அவரை ஆலோசனைக்கு அழைத்தன. தம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்த நோய் அங்கும் இருப்பதை அவர் கண்டார்.

இச்சிந்தனை 1949இல் உருப்பெற்றது. இலத்தீன் அமெரிக்காவுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணைக்குழுவின் ஹவானா மாநாட்டுக்கு அவர் எழுதிய அறிக்கை, உலகை மையம் என்றும் விளிம்பு என்றும் பிரித்துக் காட்டியது. மையத்திலே உற்பத்தித்திறன் உயர்ந்தால், பொருளின் விலை இறங்குவதில்லை; தொழிற்சங்கங்களின் வலுவாற் கூலியும், அதனோடு இலாபமும் உயர்கின்றன. விளிம்பிலோ வேலை தேடுவோர் மிகுதி. அங்கே திறன் உயர்ந்தாற் கூலி ஏறாது, விலையே இறங்கும். ஆகவே இருபுறத்து முன்னேற்றத்தின் பயனும் மையத்துக்கே சேர்கிறது. பிரித்தானிய வர்த்தகப் புள்ளிவிபரத்தை அவர் சான்றாகக் காட்டினார். 1876–80 காலத்தில் ஒரு தொகை மூலப்பொருளுக்கு 100 அலகு கைத்தொழிற் பொருள் கிடைத்ததாயின், 1946–47இல் அதே தொகைக்கு ஏறத்தாழ 69 அலகே கிடைத்தது. ஐக்கிய நாடுகள் சபையில் அலுவலராயிருந்த ஹான்ஸ் சிங்கரும் இதே முடிவுக்கு வந்தமையால், இக்கருத்து இருவர் பெயராலும் வழங்குகிறது.

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. பிரித்தானியத் துறைமுக விலையிற் கப்பற்கூலியும் அடங்குமாதலால், கப்பற்கூலி குறைந்ததையே பொருளின் விலைவீழ்ச்சியென்று கொள்ளலாகாது என்றனர் சிலர்; கைத்தொழிற் பொருள்களின் தரம் உயர்ந்ததைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்றனர் வேறு சிலர். இரண்டும் நியாயமான வாதங்களே. எனினும் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்த பின்வந்தோர் பலர், இறக்கம் உண்டு, ஆனால் மெதுவானது என்றே கண்டனர். ஐக்கிய அமெரிக்காவோ அந்த ஆணைக்குழுவையே வேறொரு நிறுவனத்துடன் இணைத்துவிட முயன்றது. 1951இல் அம்முயற்சி தோற்றது. 1950 முதல் 1963 வரை, சிலி நாட்டின் சந்தியாகோவிலிருந்து பிறெபிஷ் அதனை வழிநடத்தினார்.

பரிகாரம் கைத்தொழிலாக்கம் என்றார் அவர். அதைப் பற்றிக்கொண்ட அரசாங்கங்கள் தீர்வைச் சுவர்களை வானளாவ எழுப்பின. உள்ளூர்ச் சந்தை மட்டும் போதாது, ஏற்றுமதிக்கும் ஆயத்தமாகவேண்டும், மிகையான தீர்வை திறமையின்மையை வளர்க்கும் என்று 1960களின் தொடக்கத்தில் அவரே எச்சரித்தார். பணவீக்கத்தால் வளர்ச்சியை விலைக்கு வாங்கலாம் என்போரையும், வளர்ச்சியைப் பலியிட்டு நாணயத்தைக் காக்கலாம் என்போரையும் அவர் ஒருங்கே மறுத்தார். சுவர்களுக்கான பழி மட்டும் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. பேரொன் ஆட்சி வீழ்ந்தபின் 1955இல் தாயகத்துக்கு அவர் வரைந்து கொடுத்த திட்டமும் கடும் வசைக்கே உள்ளாயிற்று. உலக மேடையிற் புரட்சிக்காரர் என்றும், சொந்த நாட்டிற் பிற்போக்காளர் என்றும் ஒருவரே பெயரெடுத்த விந்தை இது.

1964இல் ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் வர்த்தக அபிவிருத்தி மாநாடு அவர் முயற்சியின் சிகரம். 77 நாடுகளின் அணி அங்கேதான் உருவாயிற்று. இலங்கையும் அதில் ஒன்று. மாநாடு நிரந்தர அமைப்பானபோது, 1969 வரை பிறெபிஷ் அதன் செயலாளர் நாயகமாயிருந்தார். வறிய நாடுகளின் கைத்தொழிற் பொருள்களுக்குத் தீர்வைச் சலுகை வேண்டுமென்ற அவர் கோரிக்கை 1968இல் டில்லியில் ஏற்கப்பட்டு, 1971 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் ஆடைத் தொழிற்சாலைகள் நன்கறிந்த ஜீ.எஸ்.பி. சலுகையின் மூலம் இதுவே. மூலப்பொருள் விலையை நிலைநிறுத்தும் கோரிக்கை அவர் காலத்திற் கைகூடவில்லை. அதனை 1974 முதல் 1984 வரை அதே ஆசனத்திலிருந்து முன்னெடுத்தவர் தேயிலை நாட்டவரான காமினி கொறயா.

1983இல் ஆர்ஜென்ரீனாவில் மக்களாட்சி மீண்டபோது, எண்பது வயதைக் கடந்த பிறெபிஷ் ஜனாதிபதி அல்பொன்சினுக்கு ஆலோசகராக நாடு திரும்பினார். அப்போதும் அவர் சொல் அங்கு அதிகம் எடுபடவில்லை. 1986 ஏப்பிரல் 24ஆந் திகதி மெக்சிக்கோ நகரிலே தம் பழைய ஆணைக்குழுவின் கூட்டத்தில் உரையாற்றினார். ஐந்து நாட்களின் பின், 29ஆந் திகதி, சந்தியாகோவில் அவர் காலமானார்.