பொது வழியைப் பொதுவாக்கக் கேட்டவர்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்



ஜூபிலி மலர் என்றால் புனிதர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். இம்மலரில் நம் திருச்சபையைச் சேராத ஒரு பெருமகனின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. நம் பங்கு இல்லத்துக்கு வருவோரில் பலர் செபத்துக்காக மட்டும் வருவதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை, இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண் பிள்ளைகளுக்குப் பேருந்து இல்லை என்று சொல்லி, இதையெல்லாம் யாரிடம் முறையிடுவது என்று கேட்கிறார்கள். இது முதற் காரணம். ஜூபிலித் தேர் எந்தெந்தத் தெரு வழியாகச் செல்வது என்பது பற்றிப் பங்குப் பேரவையில் நடந்த நீண்ட விவாதம் இரண்டாவது காரணம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே இவ்வரலாற்றை வாசிக்க வேண்டுகிறோம்.

திருப்பெரும்புதூரும் ஒரகடமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அதே மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்ற சிற்றூரில் 1859 ஆம் ஆண்டு பிறந்தவர் சீனிவாசன். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையாரின் பெயர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இவர் கோயமுத்தூரில் கல்வி பயின்றார். அங்கு சுமார் 400 மாணவர்கள் படித்த காலத்தில், பிராமணர் அல்லாதார் பத்துப் பேரே இருந்தனராம். ஊர் எது, உறவினர் யார், வீடு எங்கே என்று உடன் படிப்போர் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். படிப்பில் ஆர்வம் இருந்தும் பள்ளி வாசலில் கால் தயங்கி நின்ற அந்தச் சிறுவனை நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்த பின், 1890 இல் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் நம் மாவட்டத்து ஏழைகளின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்ற ஆங்கிலேயர், ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாமல் உழைத்து நலிவதை 1891 இல் அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892 இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது இதுவே.

ஆட்சியர் ஒருவர் இரங்கி எழுதினால்தான் மக்கள் குறை மேலிடத்துக்கு எட்டும் என்ற நிலை சீனிவாசனாருக்கு உவப்பாயில்லை. குறையுள்ளவனே தன் குறையைத் தன் பெயரில் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணினார். 1891 இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லித் தம் மக்களை இழிவுபடுத்தினார்களோ, அதே பெயரைப் ‘பறையன்’ என்று பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். விலை இரண்டு அணா. இரண்டு நாட்களில் சென்னையில் மட்டும் 400 பிரதிகள் விற்றன. அவ்வேடு ஏழு ஆண்டுகள் நடந்தது.

அதே 1893 டிசம்பரில் இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். இந்தியச் சிவில் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்த காலம் அது. சாதிப் பற்றுள்ளவர் கையில் அதிகாரம் முழுவதும் சேர்ந்துவிட்டால் எளியோர் கதி என்னாகும் என்று அஞ்சிய அவர், மறுப்பு மனு ஒன்று தயாரித்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அம்மனுவின் நீளம் 112 அடி. அதிலிருந்த கையெழுத்துகள் 3,412. அவருடைய கருத்தை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆயினும், எழுதப் படிக்கத் தெரிந்தவர் அரிதாயிருந்த மக்களிடையே அத்தனை கையொப்பங்கள் திரட்டிய உழைப்பை யாரும் மறுக்க இயலாது.

1900 இல் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவர், இடையில் தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட்டார். நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். ஏழைக் கூலித் தமிழர் சொல்வதை நீதிபதிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதே அவர் வேலை. ஊமையாக நிற்பவனுக்கு நாவாக இருக்கும் பயிற்சியை அவர் அங்கேதான் பெற்றார் என்று நாம் கருதுகிறோம். காந்தியடிகளுக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்ததும் அந்நாட்டில்தான் என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

தாயகம் திரும்பிய அவர் 1923 இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன அங்கத்தினராக வந்தார். நியமன அங்கத்தினர் என்ற சொல்லைக் கவனியுங்கள். சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்குரிமை இருந்த காலம் அது. அவர் யாருக்காகப் பேச வந்தாரோ, அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குச் சீட்டே கிடையாது. வாக்குத் தருபவனுக்கு மந்திரி அஞ்சுவார். வாக்கில்லாதவனுக்காக எழுந்து நிற்பவருக்கு நியாயம் ஒன்றே துணை. ஸ்தல ஸ்தாபன இலாகா அப்போது முதன் மந்திரி பனகல் அரசரிடம் இருந்தது. ஊர்ச் சாலை, கிணறு, குளம், சாவடி எல்லாம் அந்த இலாகாவைச் சேர்ந்தவை.

1924 ஆகஸ்டு 22 ஆம் நாள் சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பினராயினும் எந்த ஊரிலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடந்து செல்லலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் எதையும் மற்றவரைப் போலவே பயன்படுத்தலாம். இதை அரசு தன் கொள்கையாக ஏற்று அறிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அவர் புதிய சாலையோ புதிய கிணறோ கேட்கவில்லை. எல்லாருடைய வரிப்பணத்திலும் ஏற்கெனவே வெட்டப்பட்ட கிணற்றில் எல்லாரும் நீர் மொள்ளட்டும் என்றுதான் கேட்டார். அவ்வாண்டிலேதான் திருவிதாங்கூர் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தார்கள். அங்கு தெருவில் நின்று கேட்டதை இவர் சட்டசபையில் நின்று கேட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் 25 ஆம் நாள் அரசாணை பிறந்தது. 1925 பிப்ரவரியில் கோட்டையின் அரசிதழிலும் வெளிவந்தது. மறுநாளே எல்லாக் கிணறுகளும் திறந்துவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. அரசிதழ் வேறு, ஊர்க் கிணற்றங்கரை வேறு. ஆயினும் அன்று முதல், தடுப்பவன் சட்டத்துக்கு எதிரே நிற்பவன் ஆனான். தண்ணீர் எடுக்கச் செல்பவள் சட்டத்தின் துணையோடு செல்பவள் ஆனாள். இது சிறிய மாற்றம் அன்று.

ஏழைக் குடும்பங்களைக் கெடுக்கும் மதுவுக்கு எதிராகவும் அவர் சட்டசபையில் குரல் கொடுத்தார். 1930, 1931 ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு டாக்டர் அம்பேத்காருடன் சென்றார். இருவரும் சேர்ந்து அளித்த கோரிக்கையிலும் சாலை, கிணறு, பொது இடம் ஆகிய உரிமைகள் இடம்பெற்றன. 1932 செப்டம்பரில் புனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். சென்னை மாகாணச் சட்டசபையில் 30 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது அந்த ஒப்பந்தத்தால்தான். மதம் மாறுவது பற்றிப் பின்னாளில் டாக்டர் அம்பேத்காருடன் அவருக்குக் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. அரசு அவருக்கு இராவ் சாகிப், இராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களை அளித்தது. 1945 செப்டம்பர் 18 இல் அவர் இயற்கை எய்தினார். 1950 இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவு கிணறு, குளம், சாலை என்று வரிசையாகச் சொல்லி அவற்றை எல்லார்க்கும் பொதுவாக்கியதைக் காண அவர் இல்லை. 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

பங்கு மக்களே, இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தியை நாம் அறிவோம். நம் பகுதியிலோ, சிப்காட் ஆலைகளில் உழைக்க ஒடிசா, பீகார், ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் ஒரே அறையில் பலராய்த் தங்கியிருக்கின்றனர். அவர்களில் பலருக்கு இங்கே வாக்கில்லை. எனவே அவர்களுடைய தண்ணீர்க் குறையை எந்த அங்கத்தினரும் தாமாக வந்து கேட்பது அரிது. அவர்களுக்கு நாவாக இருக்க வேண்டியவர்கள் நாமே. ஆகஸ்டு 15 இல் கிராம சபை கூடுகிறது. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கள் வாங்குகிறார்கள். நம் இளைஞர் மன்றத்தினர் மனு எழுதிக் கொடுக்க முன்வந்தால், 112 அடி தேவையில்லை, ஒரு பக்கம் போதும்.

இறுதியாக ஒரு சொல். பல ஆண்டுகளாக நம் தேர் ஒரு தெருவுக்குள் மட்டும் நுழைந்ததில்லை. தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு என்று காரணம் சொல்லி வந்தோம். அவ்வழியே லாரிகள் செங்கல் ஏற்றிச் செல்வதை நாமே கண்டோம். உண்மைக் காரணம் உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பங்குத் தந்தை என்ற முறையில் இதனை முன்னரே கேளாதது நம் குற்றமே. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு வாங்க நம் ஆண்டவர் தயங்கவில்லை. அவருடைய தேர் ஒரு தெருவைக் கண்டு தயங்கலாமா? ஜூபிலித் தேர் இவ்வாண்டு எல்லாத் தெருக்களுக்கும் செல்லும் என்று முடிவாகியிருக்கிறது. சிலருக்கு மனக்கசப்பு உண்டென்பதை அறிவோம். அவர்களும் தேர் வடத்தில் கை வைக்க வருவார்கள் என்று எதிர்பார்த்து, செபத்தோடு காத்திருக்கிறோம்.

இறையாசீர் உங்கள் அனைவர்மீதும் தங்குவதாக.

உங்கள் பங்குத் தந்தை